தாழம்பூவின் சாட்சியம்

காருக்குள் ‘பாடி கண்ட்ரோல் மாட்யூல்’ என்றொரு பெட்டி இருக்கிறது என்பதும், அது கெட்டுப்போனால் வண்டி தன் விருப்பப்படி நடந்துகொள்ளும் என்பதும் 2025 ஜனவரி வரை எங்களுக்குத் தெரியாது. பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தோம்: உடற்கட்டுப்பாட்டுக் கூறு. சித்த மருத்துவச் சுவடியில் வரக்கூடிய சொல்லைப் போல இருந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வாசற்படியில் உட்கார்ந்து, “பாடி கண்ட்ரோல்லதான் சார் கோளாறு” என்று சொன்னபோது, உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “யாரு பாடி? நான் இன்னும் இருக்கேன்டா.” ‘பாடி’ என்ற சொல்லுக்கு நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் என்ன பொருள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வாசலைக் கடக்கிறவர் அவர். சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸில் மூன்றாவது ஆண்டு.

ஆகவே இது ஒரு காரைப் பற்றிய கட்டுரைதான் என்றாலும், காரின் மேல் பிரியம் கொண்டவர்கள் எழுதியது அல்ல. அடி அண்ணாமலை, மலையின் மேற்குப் பக்கம் இருக்கிறது. பெரிய கோயிலும் ஊரும் கிழக்குப் பக்கம். நடுவில் மலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறையப் பாதித் தொலைவில் இருப்பவர்கள் நாங்கள். மற்ற நாட்களில் ஆட்டோ கிடைக்கும். அதிகாலை ஐந்து மணிக்கு, நேற்றிரவிலிருந்து மூச்சு வாங்குகிற ஒரு மூதாட்டியைக் கூட்டிப்போகக் கிடைக்குமா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். பௌர்ணமி என்றால் பாதையே நடப்பவர்களுக்கு உரியதாகிவிடும், வண்டிகளை விடமாட்டார்கள். அது நியாயமும்கூட. ஆனால் உடம்பில் சேரும் நீருக்குத் திதி தெரியாது. ஒரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வாசலில் நிற்கும் பழைய கார் எங்களுக்கு அந்த நான்கு மணி நேர இயந்திரத்தின் நீட்சி.

நிற்க. அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அம்பாசடரில் வைப்பர் ஓடவேண்டுமென்றால் கதை எளிது. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் ஃபியூஸ் வழியாக சுவிட்சுக்கு வரும். சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போகும். ஓடவில்லை என்றால், டெஸ்ட் லாம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒயரின் வழியே நடந்துபோனால் எங்கோ ஓர் இடத்தில் விளக்கு எரியாது, பழுது அங்கே. 1950-களின் இறுதியிலிருந்து 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை இந்த நேர்மை பெரும்பாலும் அந்த வண்டியிடம் இருந்தது. இன்றைய கார்களில் சுவிட்ச் எதையும் ஓட்டுவதில்லை. அது ஒரு விண்ணப்பதாரர், அவ்வளவுதான். ‘வைப்பர் வேண்டும்’ என்று பெட்டிக்கு மனுப் போடுகிறது. பெட்டி அதைப் படித்துப் பார்த்து, ரிலேக்கு ஆணையிடுகிறது. முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, ஹாரன், உள்விளக்கு என்று வண்டியின் புறவாழ்க்கை முழுவதும் இந்த ஒரே அலுவலகத்தின் வழியாகத்தான். பல வண்டிகளில், எங்களுடையதிலும், சாவி அசல்தானா என்று சோதிக்கும் காவலும் இதற்குள்ளேயே குடியிருக்கிறது.

இந்த அலுவலகம் எஞ்சினின் கணினியோடும் மீட்டர் பலகையோடும் இரண்டு முறுக்கிய ஒயர்கள் வழியாகப் பேசுகிறது. கேன் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அறிமுகப்படுத்திய முறை. இரண்டு ஒயர்களும் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். செய்தி என்பது அந்த வித்தியாசம். வெளியிலிருந்து வரும் மின்இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் அசைப்பதால் வித்தியாசம் கெடுவதில்லை. அழகான யோசனை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியே தடித்த ஒயர் இழுக்க வேண்டியதில்லை. வண்டியில் பல கிலோ செம்பு மிச்சம். அந்த மிச்சத்துக்கு நாங்கள் கொடுத்த விலை என்ன என்பதே பின்வரும் கதை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் பெய்த மழையை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். மலையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. ஏழு பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்த நாளைச் சொல்லிவிட்டு ஒரு காரின் பழுதைப் பற்றிப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதே மழைதான் எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் மேலும் பெய்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் முளைக்கும் இடத்தில், நீர் வடிவதற்கு ஒரு பள்ளமும் இரு ஓரங்களில் துளைகளும் உண்டு. வேப்பஞ்சருகு ஒரு பக்கத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய நீர் வேறு வழி தேடி, ஒயர்க்கட்டு உள்ளே நுழையும் ரப்பர் வளையத்தின் விளிம்பில் கசிந்து, ஒயரின் மேலேயே ஊர்ந்து இறங்கியது. ஒயரின் மறுமுனையில் பெட்டி. ஸ்டியரிங்குக்கு வலப்புறம், ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே.

நீர் உடனே கொல்வதில்லை. செம்பும் நீரும் மின்னழுத்தமும் சேர்ந்தால் பச்சை பூக்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது. முதலில் நள்ளிரவில் கதவுப் பூட்டுகள் ‘டக்’ என்று தாமாகவே பூட்டித் திறந்தன. பிறகு ஒரு மத்தியானம், சொட்டு மழையில்லாத வெயிலில், சாவியைப் போட்டதும் வைப்பர் ஓட ஆரம்பித்து நிற்க மறுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடி நின்று ரசித்தார்கள். மூன்றாவதாக, ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை, செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் பலகையில் விளக்குகள் மங்கி அணைந்தன. அன்று அம்மாவை ஒரு பால்வண்டிக்காரரின் மினி லாரியில் முன்னிருக்கையில் ஏற்றி அனுப்பினோம். அவர் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

வண்டி விற்ற நிறுவனத்தின் பணிமனைக்குப் போன் செய்தோம். எந்த ஊர்ப் பணிமனை என்பது வேண்டாம். பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் டோ செய்து கொண்டுவாருங்கள் என்றார்கள். கிரிவலப் பாதையோரம் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அப்படிச் சொல்லவில்லை. “மாத்திட்டு அப்புறம் பாக்கறது வேற, பாத்துட்டு மாத்தறது வேறண்ணே” என்றார். ஐம்பதை நெருங்குகிறவர், லாரி ஒயரிங்கில் தொடங்கியவர். அவர் செய்ததை வரிசையாகச் சொல்வது எங்களுக்கு ஒரு கடன்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சுமை கொடுத்துச் சோதித்தார், நல்ல பேட்டரி. எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட், ஆல்டர்னேட்டரும் நல்லதே. அப்படியானால் நிறுத்திய பிறகு யாரோ குடிக்கிறார்கள். பானட்டைத் திறந்து வைத்து, கதவின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். பேட்டரியின் எர்த் ஒயரில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினார். இந்த டீ முக்கியம். வண்டியைப் பூட்டிய பிறகு அதன் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். சில வண்டிகளில் அரைமணிகூட ஆகும். அதற்குமுன் அளந்தால் விழித்திருக்கிற குழந்தையைத் தூங்கவில்லை என்று அடிப்பதைப் போல. எல்லாம் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இருக்கவேண்டும். இருந்தது 1.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 33.6 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. சனிக்கிழமை நிறுத்திய வண்டி ஞாயிற்றுக்கிழமை செத்திருப்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெட்டிக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் சரிந்ததைப் போல எண் 18 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. குற்றவாளி அகப்பட்டான் என்று நாங்கள் எழுந்தோம். அவர் எழவில்லை. “அது தூங்காம இருக்குன்னுதான் இப்பத் தெரியும். அதுவா தூங்கலியா, யாராச்சும் எழுப்பறாங்களான்னு தெரியாது.” ஒரு கதவு சுவிட்ச் பழுதாகி ‘கதவு திறந்திருக்கிறது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாலும் பெட்டி விழித்தேதான் இருக்கும். அப்போது பெட்டியை மாற்றினால் புதுப் பெட்டியும் தூங்காது.

அடுத்த நாள் வந்தவாசி பக்கமிருந்து ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் இளைஞரை அழைத்துவந்தார். கடையில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சினோடு மட்டும் பேசும். உடலோடு பேச, வண்டிக் கம்பெனியின் பாஷை தெரிந்த கருவி வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைச் சொருகியில் மாட்டியதும் பழுதுக் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. பதினொன்று. எஞ்சின் கணினி சொன்னது: யு0140, உடற்பெட்டியோடு தொடர்பு அற்றது. மீட்டர் பலகை வேறொன்று சொன்னது. பிரேக் வேறொன்று. இளைஞர் பட்டியலைப் பார்த்து, மூன்று பெட்டிகள் போயிருக்கலாம் என்றார்.

இந்த இடத்தில் ஊர்க்கதை ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடியையும் முடியையும் தேடிய கதை எங்கள் மலையின் கதை. பன்றியாகத் தோண்டிப்போன திருமால் அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகப் பறந்த பிரமன், கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து, முடியைக் கண்டதாகச் சொன்னான். பூவும் ஆமாம் என்றது. சிவபூசையில் தாழம்பூ ஏன் கூடாது என்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. பூவை நாங்கள் அவ்வளவு கடிந்துகொள்ளமாட்டோம். அது முடியிலிருந்து விழுந்தது உண்மை; பிரமன் அங்கே வந்தான் என்பதுதான் பொய். பழுதுக் குறியும் அந்த வகைச் சாட்சி. தொடர்பு அற்றது என்பது உண்மை. ஏன் அற்றது என்பதை அது பார்க்கவில்லை. பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்குக் கீழே சரியும்போது எல்லாக் கணினிகளும் மயங்கி, ஒன்றையொன்று காணவில்லை என்று எழுதிவைத்துவிடும். எலக்ட்ரீஷியன் இதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “பசியில இருக்கறவன் சொல்றத எழுதிக்காதே, அழிச்சிட்டு மறுபடி கேளு.” அழித்து, நல்ல பேட்டரியோடு ஓட்டிவிட்டு மறுபடி கேட்டபோது பதினொன்றில் இரண்டே திரும்பி வந்தன. இரண்டும் உடற்பெட்டியைப் பற்றியவை.

பிறகுதான் தீர்ப்பான சோதனை. ஸ்கேனரில் பெட்டி தன் காதால் கேட்பதையும் வாயால் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியும். வைப்பர் தானாக ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தோம். சுவிட்ச்: அணைந்திருக்கிறது. நான்கு கதவும்: மூடியிருக்கின்றன. வைப்பர் ரிலேக்கு ஆணை: இயங்கு. யாரும் மனுப் போடவில்லை. அலுவலகம் ஆணை பிறப்பித்துக்கொண்டிருக்கிறது. அப்போதும் அவர் திருப்தியடையவில்லை. விளக்குகள் அனைத்தையும் போட்டு, பெட்டியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த்துக்கும் இடையில் அளந்தார்: 0.04 வோல்ட். எர்த் சரி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சொருகியின் 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் இடையில் அளந்தார்: 60 ஓம். கேன் ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் வீதம் இருக்கும் தடைகள் இரண்டும் உயிரோடு இருந்தால்தான் இந்த அறுபது வரும். ஒயரும் சரி. மிஞ்சியது ஒன்றுதான். கழற்றினார். கப்ளரின் ஆறேழு ஊசிகள் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு நிறத்தில் இருந்தன. மூடியைத் திறந்தால் பலகையின் ஒரு மூலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவிக் காயவைத்து மாட்டியதில் பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மறுபடி பூட்டுகள் பேசின. அரிப்பு பலகையின் உள்ளடுக்குக்குப் போய்விட்டது என்றார். பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை. அம்மாவின் முறை. தைப்பூசமும் அன்றே, மாலையில் பௌர்ணமி பிறக்கிறது. கையில் ஐந்து நாள் இருந்தது.

புதுப் பெட்டி வரவழைக்க மூன்று வாரம் ஆகும். வண்டியையும் எல்லாச் சாவிகளையும் பணிமனைக்கே கொண்டுவந்தால்தான் பொருத்துவோம் என்றார்கள். ஓடாத வண்டியை. எனவே சென்னைக்கு பஸ் ஏறி புதுப்பேட்டைக்குப் போனோம். கழற்றப்பட்ட வாகனங்களின் அந்தக் கடல் பற்றித் தனியே எழுதவேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் கடைசி எழுத்துவரை பொருந்தவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று கிடைத்தன. திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்கள் எங்கே போயின என்று நாங்கள் யோசித்ததில்லை. மூன்றில் இரண்டின் பலகையில் நீர்க்கோடு இருந்தது. மூன்றாவது, பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டியினுடையது. உலர்ந்த மரணம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

மாட்டினோம். விளக்கு எரிந்தது, வைப்பர் கேட்டபோது ஓடி, கேட்டபோது நின்றது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்தது. சாவியின் தலைக்குள் பேட்டரி இல்லாத சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அதை எழுப்பி அடையாளம் கேட்கும். சரியான பதில் வந்தால்தான் பெட்டி எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கும். புதிய பெட்டி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சாவியை நினைவில் வைத்துக் காத்திருந்தது.

நினைவு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சில பெட்டிகளில் மையச் சில்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள். எங்கள் அதிர்ஷ்டம், இதில் எட்டுக்கால் நினைவகம் தனியாக இருந்தது. வேலூரில் சாவி கோடிங் செய்யும் கடையில், பழைய பலகையிலிருந்து அதைப் படித்தார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அரித்த பலகை தப்பாகப் படிக்கக் கொடுக்கலாம் அல்லவா. பிறகு அதைப் புதிய பலகையின் நினைவகத்தில் எழுதினார்கள். முக்கால் மணி நேர வேலை. வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் ஆதாரையும் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாகனத் திருடர்களுக்கும் இதே வித்தை தெரியும் என்பதால் அந்த எச்சரிக்கை எங்களுக்குப் பிடித்திருந்தது.

கார் நிறுவனங்கள் கருவிகளையும் கையேடுகளையும் வெளியே தராததற்குச் சொல்லும் காரணமும் இந்தத் திருட்டுப் பயமே. பயம் பொய்யில்லை. ஆனால் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்திருந்ததைத்தான் குற்றமாகச் சொன்னது. மேல்முறையீடுகள் பின்தொடர்ந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்தே பழுதுபார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல விஷயம். எங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொன்னோம். “அதுல ஒயரிங் டயகிராம் கெடைக்குமாண்ணே?” என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். எங்கள் வண்டிக்குக் கிடைக்கவில்லை. அந்த வரைபடம் ஒன்று கையில் இருந்தால் மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்திருக்கும் என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நேரக் கணக்காகச் சொன்னார்.

பிப்ரவரி 10 திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி ஏறியது. ஏற்றும்முன், ஒயர்க்கட்டு பெட்டிக்கு மேலிருந்து நேராக இறங்காமல், அதற்குக் கீழே தாழ்ந்து வளைந்து மறுபடி மேலேறிச் சொருகும்படி கட்டினார். இனி நீர் ஊர்ந்து வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். ரப்பர் வளையத்துக்குப் பசை போட்டார். அடைபட்ட துளையிலிருந்து ஒரு கைப்பிடி சருகு வந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அம்மா ஏறி உட்கார்ந்தார். பத்தரைக்குத் திரும்பியபோது பாதையோரம் அன்னதானப் பந்தல்கள் போட ஆரம்பித்திருந்தார்கள்.

கூலியாக அவர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் அவருக்குத்தான் சங்கடம். அதைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தோம், பாதியைத் திருப்பித் தந்தார். வண்டி மரத்தடியில்தான் நிற்கிறது. வேறு நிழல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சருகை அள்ளுகிறோம். கோடையில் ஒருநாள் அவ்வழியே போனவர் இறங்கி, கதவுக் கொக்கியை மூடி, மீட்டரை மாட்டிவிட்டு அம்மாவோடு டீ குடித்தார். 20 மில்லி ஆம்பியர். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில், பழைய 1.4-க்குக் கீழே, பென்சிலால் அதையும் தேதியையும் எழுதினார்.